கலப்பை பிரித்த வேலைகள்

ஒரு சாய்தளம். அதன் சரிவைக் கூட்டலாம், குறைக்கலாம். பதினொரு மாதக் குழந்தை எவ்வளவு சரிவு வரை தவழ்ந்து இறங்கும் என்று அதன் தாயிடம் கேட்கிறார்கள். தாய் தன் கணிப்பைச் சாய்தளத்திலேயே வைத்துக் காட்டுகிறார். சற்று நேரத்தில் குழந்தையையே அதில் இறக்கிப் பார்க்கிறார்கள். கரேன் அடால்ஃப் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2000-ல் வெளியிட்ட இந்த ஆய்வில், ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் சரிவில் இறங்கிய திறமையில் வேறுபாடே இல்லை. வேறுபாடு தாய்மார்களின் கணிப்பில் இருந்தது. மகனைப் பெற்றவர்கள் குழந்தையின் திறமையைக் கூட்டிச் சொன்னார்கள். மகளைப் பெற்றவர்கள் குறைத்துச் சொன்னார்கள்.

கணித்தவர்கள் வழிப்போக்கர்கள் அல்லர். இரவும் பகலும் அந்தக் குழந்தையைத் தூக்கிச் சுமந்தவர்கள். குழந்தையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அப்படியிருந்தும், 'பெண் குழந்தைதானே' என்ற எண்ணம் கண்முன் இருந்த சான்றை மீறி வேலை செய்திருக்கிறது.

இதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் முன்பு, 1976-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இதைவிடக் குறும்பானது. ஒரே குழந்தையின் ஒரே படச்சுருளை 204 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெட்டியைத் திறந்ததும் பொம்மை துள்ளி எழும் விளையாட்டுப் பொருளைப் பார்த்துக் குழந்தை மிரண்டு அழுகிறது. 'இது ஆண் குழந்தை' என்று சொல்லப்பட்டவர்கள் அந்த அழுகையில் கோபத்தைக் கண்டார்கள். 'இது பெண் குழந்தை' என்று சொல்லப்பட்டவர்கள் அதே அழுகையில் பயத்தைக் கண்டார்கள். கோபப்படும் குழந்தையை ஒருவிதமாகவும் பயப்படும் குழந்தையை வேறுவிதமாகவும்தான் யாரும் கையாள்வார்கள். ஒன்றை விட்டுப்பிடிப்பார்கள், மற்றதை அள்ளி அணைப்பார்கள். ஒரு நாள் இப்படி நடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. பத்து வருடம் நடந்தால்?

இதைக் கேட்டதும், 'அப்படியானால் ஆண் பெண் வேறுபாடு எல்லாமே வளர்ப்புதான்' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அந்த அவசரம் எனக்கு உடன்பாடில்லை. உடலில் வேறுபாடுகள் இருக்கின்றன. சில மிகப் பெரியவை. கேள்வி எவ்வளவு பெரியவை, எதில் பெரியவை என்பதுதான்.

சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சராசரியைச் சுற்றி மனிதர்கள் எவ்வளவு பரவிக் கிடக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புள்ளியியலில் அந்தப் பரவலுக்குத் திட்ட விலக்கம் என்று பெயர். உயரத்தில் ஆண், பெண் சராசரிகளுக்கு இடையே ஏறக்குறைய இரண்டு திட்ட விலக்கம் இடைவெளி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தேர்ந்தெடுத்தால், நூற்றில் தொண்ணூறு தடவையாவது ஆண்தான் உயரமாக இருப்பார். இடைவெளி 0.2 திட்ட விலக்கமாகச் சுருங்கினால் அதே பந்தயம் நூற்றுக்கு 56, 44 என்று ஆகிவிடும். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஜேனட் ஹைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2005-ல், அதுவரை வெளியான 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் ஆய்வுகள்) எடுத்து அலசினார். கணிதத் திறன், மொழித் திறன், தன்மதிப்பு, தலைமைப் பண்பு என்று நாம் வாய் ஓயாமல் விவாதிக்கும் பலவும் அவற்றில் இருந்தன. அளக்கப்பட்ட வேறுபாடுகளில் 78 சதவீதம் சிறியவை, அல்லது இல்லையென்றே சொல்லத்தக்கவை. விதிவிலக்குகளும் இருந்தன. பந்தை வீசும் வேகத்தில் ஆண்களின் முன்னிலை மிகப் பெரிது. உடல்ரீதியான வன்முறையில் நடுத்தரமான இடைவெளி உண்டு. ஹைட்டின் தொகுப்புக்குப் பின்பு, 2009-ல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு, பொருள்களோடு வேலை செய்ய விரும்புவோர், மனிதர்களோடு வேலை செய்ய விரும்புவோர் என்ற ஆர்வ வேறுபாட்டில் ஏறக்குறைய ஒரு திட்ட விலக்கம் இடைவெளி இருப்பதைக் காட்டியது. கருவிலேயே ஆண்ட்ரஜன் என்ற ஆண்பால் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் ஒருவகைப் பிறவிக் குறைபாட்டோடு பிறக்கும் பெண் குழந்தைகள், பிற பெண் குழந்தைகளைவிட வண்டி, கட்டுமானப் பொம்மைகளை அதிகம் நாடுவதும் பதிவாகியிருக்கிறது. வளர்ப்பு மட்டுமே எல்லாம் என்று வாதிடுபவர்கள் இந்த இரண்டையும் பாய்க்கு அடியில் தள்ளிவிட முடியாது.

ஆனால் இந்த வேறுபாடுகளைக் கூட்டிப் பார்த்தால் 'ஆண் மூளை', 'பெண் மூளை' என்று இரண்டு வகை கிடைப்பதில்லை. நரம்பியல் ஆய்வாளர் டாஃப்னா ஜோயலின் குழு 2015-ல் 1,400-க்கும் மேற்பட்ட மூளைகளின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்தது. சராசரியில் அதிகம் வேறுபடும் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டபோதும், எல்லாப் பகுதிகளிலும் ஆண் பக்கமோ எல்லாப் பகுதிகளிலும் பெண் பக்கமோ முழுதாகச் சாய்ந்த மூளைகள் அரிதாகவே கிடைத்தன. பெரும்பாலானவை கலவை.

சரி, வேறுபாடுகள் இவ்வளவுதான் என்றால், சமூகத்தில் வேலைப் பிரிவினை ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஊதியமில்லாத பராமரிப்பு வேலையில் 76.2 சதவீதத்தைப் பெண்கள் செய்கிறார்கள். நாளொன்றுக்குப் பெண்கள் 4 மணி 25 நிமிடம், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். பிள்ளை பெறுவதும் பாலூட்டுவதும் உடல் விதித்தவை. துணி மடிப்பதை எந்த உறுப்பு விதித்தது?

இங்கேதான் கலப்பை வருகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த பொருளியலாளர் எஸ்தர் போஸ்ரப் 1970-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். மண்வெட்டியும் தோண்டுகோலும் கொண்டு விவசாயம் செய்த சமூகங்களில் வயல் வேலையில் பெண்களின் பங்கு பெரிது. கலப்பை கொண்டு உழுத சமூகங்களில் அப்படி இல்லை. கலப்பையை அழுத்திப் பிடிக்கவும், இழுக்கும் விலங்கை அடக்கவும் தோளிலும் கையிலும் வலிமை வேண்டும். அந்த வலிமையில் ஆண் பெண் இடைவெளி உண்மையாகவே பெரியது. உழுது கொண்டிருக்கும்போது நடுவில் குழந்தையைக் கவனிக்கவும் முடியாது. கலப்பை உழுத நிலத்தில் களையெடுக்கும் வேலையும் குறைந்துவிடுகிறது. பெண்களும் சிறுவர்களும் செய்துவந்த வேலை அது. வயல் ஆண்களுடையதாயிற்று, வீடு பெண்களுடையதாயிற்று.

கவனியுங்கள், இதில் உடல் வேறுபாடு இருக்கிறது. ஆனால் அது தனியாக எதையும் தீர்மானிக்கவில்லை. அதே தோள், அதே கை, கையில் மண்வெட்டி என்றால் ஒரு சமூகம், கலப்பை என்றால் வேறொரு சமூகம்.

அலெசினா, ஜுலியானோ, நன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2013-ல் இதைச் சோதித்தார்கள். எங்கே கலப்பை பரவும் என்பதைப் பயிரே பெரிதும் நிர்ணயிக்கிறது: கோதுமை, பார்லி, நன்செய் நெல் விளையும் நிலத்துக்குக் கலப்பை லாபம், சோளம், கம்பு, தினை விளையும் நிலத்துக்கு அவ்வளவாக இல்லை. மண்ணும் மழையும் செய்த இந்தத் தேர்வைப் பிடித்துக்கொண்டு, காரணம் எது விளைவு எது என்று பிரித்தார்கள். முன்னோர் கலப்பை பிடித்த சமூகங்களில், பெண்கள் வேலைக்குப் போவதும் தொழில் நடத்துவதும் அரசியலில் இருப்பதும் இன்றும் குறைவு.  ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் குடியேறியவர்களின் பிள்ளைகளிடம்கூட, ஒரே சட்டம், ஒரே சந்தை, ஒரே பள்ளிக்கூடம் என்ற சூழலிலும், அந்த வேறுபாடு தெரிந்தது. டிராக்டர் வந்து கலப்பையை ஓரங்கட்டிவிட்டது. கலப்பை வகுத்த வேலைப் பிரிவினை மட்டும் பிள்ளைகளின் பிள்ளைகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

எப்படி வந்து சேர்கிறது? உளவியலாளர் ஆலிஸ் ஈக்லியின் விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. பெண்கள் பெரும்பாலும் பராமரிப்பு வேலைகளில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து, 'பெண்கள் இயல்பிலேயே இளகிய மனம் படைத்தவர்கள்' என்ற முடிவுக்கு வருகிறோம். வேலை கேட்கும் குணத்தை, வேலை செய்பவரின் பிறவிக் குணமாக எண்ணிக்கொள்கிறோம். ஈக்லியும் ஸ்டெஃபனும் 1984-ல் இதை எளிமையாகச் சோதித்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆணைப் பற்றிச் சொல்லிக் கருத்துக் கேட்டபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குச் சொன்ன அதே குணங்களைப் பதில் சொன்னவர்கள் அவருக்கும் சொன்னார்கள். வேலை தெரிந்தவுடன் பாலினம் பின்னுக்குப் போய்விட்டது.

வேலை கைமாறும்போது 'இயல்பு' பற்றிய கதையும் கூசாமல் மாறுவதற்குக் கணினித் துறையே சாட்சி. 1946-ல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். இயந்திரத்தைக் கட்டுவது பொறியியல், அதற்குக் கட்டளை எழுதுவது எழுத்தர் வேலை என்று அன்று நினைத்தார்கள். ஆகவே பெண்களுக்கு ஒதுக்கினார்கள். நிரலாக்கத்தின் மதிப்பு கூடக் கூட அது ஆண்களின் துறையானது. அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1984 வாக்கில் சுமார் 37 சதவீதம். 2010 வாக்கில் 18 சதவீத அளவுக்குச் சரிந்துவிட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் பெண்களின் மரபணு மாறவில்லை.

உடலே ஏற்கும் பொறுப்புக்குத் தக்கபடி வளைந்துகொடுக்கும் என்பது இன்னும் சுவாரசியம். பிலிப்பைன்ஸின் செபு நகரப் பகுதியில் 624 இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவை நான்கரை ஆண்டு இடைவெளியில் இருமுறை அளந்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. தொடக்கத்தில் அளவு அதிகமாக இருந்தவர்களே துணையைத் தேடித் தந்தையாகும் வாய்ப்பு அதிகம் பெற்றிருந்தார்கள். தந்தையான பிறகு அவர்களுக்கு அந்த அளவு கடுமையாகக் குறைந்தது: காலையில் அளந்ததில் 26 சதவீதம், மாலையில் 34 சதவீதம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்துக்கொண்ட தந்தையரிடம் அளவு, குழந்தையைக் கவனிப்பதில் ஈடுபடாத தந்தையரைவிடவும் தாழ்ந்திருந்தது. ஆண்மையின் அடையாளமாகக் கொண்டாடப்படும் ஹார்மோன், தொட்டில் ஆட்டும் கைக்குக் கட்டுப்படுகிறது. ஹார்மோன் நடத்தையை ஆள்கிறது என்று மட்டும் படித்தவர்கள் அம்புக்குறியின் மறுமுனையையும் பார்க்க வேண்டும்.

பழைய ஏற்பாடு பலருக்குப் பிடிக்காமல் போன பின்னும் ஏன் நீடிக்கிறது? சவூதி அரேபியாவின் ரியாத்தில் திருமணமான இளைஞர்கள் சுமார் 500 பேரிடம் நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. பெண்கள் வெளியே வேலைக்குப் போவதில் தவறில்லை என்று அவர்களில் மிகப் பெரும்பாலோர் தனிப்பட்ட முறையில் சொன்னார்கள். ஆனால் சுற்றியிருக்கும் ஆண்களில் எத்தனை பேர் அப்படி நினைப்பார்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் குறைவாகவே கணித்தார்கள். ஆளுக்கு ஆள் அடுத்தவரைப் பார்த்து வாய் மூடியிருந்தார்கள். உண்மை எண்ணிக்கையைச் சிலருக்கு மட்டும் சொன்னதும், மனைவியின் பெயரை வேலைவாய்ப்புச் சேவையில் பதிவு செய்ய முன்வருவோர் கூடினார்கள். சில மாதங்கள் கழித்து விசாரித்தபோது, அவர்களுடைய மனைவிமார் வேலைக்கு விண்ணப்பித்திருந்ததும் நேர்காணலுக்குப் போயிருந்ததும் கூடியிருந்தன. யாருடைய மனத்தையும் மாற்றத் தேவைப்படவில்லை. ஏற்கெனவே மாறியிருந்த மனங்களை எண்ணிக் காட்டினால் போதுமாக இருந்தது.

நார்வே 1993-ல் வேறு வழியில் அதே முடிச்சை அவிழ்த்தது. பெற்றோர் விடுப்பில் நான்கு வாரம் தந்தைக்கு மட்டும். அவர் எடுக்காவிட்டால் அது வீணாகும். அதற்கு முன்பு விடுப்பு எடுத்த தந்தையர் மிகச் சிலரே. சில ஆண்டுகளில் அவர்களே பெரும்பான்மை ஆனார்கள். அதைவிட முக்கியம், அது தொற்றிப் பரவியது. உடன் வேலை செய்பவர் விடுப்பு எடுத்திருந்தால் ஒருவர் விடுப்பு எடுக்கும் வாய்ப்பு 11 சதவீதப் புள்ளிகளும், சகோதரர் எடுத்திருந்தால் 15 சதவீதப் புள்ளிகளும் கூடியது. சலுகை மறுக்கப்படவில்லை, மேலாளர் முகம் சுளிக்கவில்லை என்பதை ஒருவர் நடந்து காட்டினால்தான் அடுத்தவருக்குத் தைரியம் வருகிறது.

பக்கத்து நாடான டென்மார்க்கின் கணக்கு அவ்வளவு இனிப்பானதல்ல. 2019-ல் வெளியான ஆய்வில், முதல் குழந்தை பிறக்கும் வரை ஆண்களின் சம்பளக் கோடும் பெண்களின் சம்பளக் கோடும் இணையாகப் போகின்றன. குழந்தை பிறந்ததும் பெண்களின் கோடு சரிகிறது. ஆண்டுகள் பல கடந்தும் சுமார் 20 சதவீதப் பள்ளம் தூராமல் நிற்கிறது. ஆண்களின் கோட்டில் அசைவே இல்லை. பிள்ளைப்பேற்றின் உடல் சுமை அத்தனை ஆண்டுகள் நீடிப்பதில்லை. எந்தப் பெண்ணுக்குப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதற்கு ஆய்வாளர்களுக்கு ஒரு தடயம் கிடைத்தது: அவள் சிறுமியாக இருந்தபோது, தந்தையோடு ஒப்பிட அவளுடைய தாய் எவ்வளவு நேரம் வெளியே வேலை செய்தார் என்பது. கணவனின் பெற்றோர் எப்படி வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதற்கும் இந்தப் பள்ளத்துக்கும் தொடர்பே தென்படவில்லை.