பத்து மணிக்கு மணி அடிக்காதீர்கள்

மாண்டிசோரி வகுப்பில் காலை மூன்று மணி நேரம் தடையில்லாத வேலை நேரம், அதில் பிள்ளை தனக்குப் பிடித்த வேலையைத் தானே எடுத்துச் செய்யும் என்றால் பெற்றோர் பலரும் தயங்குகிறார்கள். "மூணு வயசுப் பிள்ளை அவ்வளவு நேரம் என்ன பண்ணும், மிஸ்?" என்று கேட்கிறார்கள்.

ஒரே வேலையில் உட்கார்ந்திருக்காது. முதலில் பழகிய, எளிதான வேலைகளைத்தான் எடுக்கும். ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றும், பாய் விரித்து இளஞ்சிவப்புக் கட்டைகளைக் கோபுரமாக அடுக்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வகுப்பில் சலசலப்பு கிளம்பும். சிலர் எழுந்து நடப்பார்கள், சிலர் பக்கத்துப் பாயை எட்டிப் பார்ப்பார்கள். இந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி இதைப் பொய்யான களைப்பு என்று சொன்னார். பல பள்ளிகள் இந்த நேரம் பார்த்துத்தான் ஸ்நாக்ஸ் மணி அடிக்கின்றன, அல்லது எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துப் பாட்டு ஆரம்பிக்கின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். கொஞ்சம் பொறுத்தால் சலசலப்பு தானாக அடங்கும். அதன் பிறகு பிள்ளைகள் எடுப்பதுதான் அன்றைய பெரிய வேலை. எண்ணப் பழகும் பொன்னிறப் பாசிமணிகளை வைத்து ஆயிரங்களைக் கூட்டுவதும், எடுத்து அடுக்கும் தனித்தனி எழுத்துகளால் சொந்தமாக வார்த்தை கட்டுவதும் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கிறது.

1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லத்தில், சுமார் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையின் குழிகளிலிருந்து உருளைகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் கவனம் கலைகிறதா என்று பார்க்க, மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார் மாண்டிசோரி. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் செய்துவிட்டு, தானாக நிறுத்தினாள். சோர்ந்துபோகவில்லை, முகம் தெளிவாக இருந்தது.

மணி மட்டுமல்ல, நாமும் இடையூறுதான். மும்முரமாக இருக்கும் பிள்ளையிடம் "வெரி குட்" என்றாலே அது தலை நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கும், கவனம் அறுந்துவிடும். வாட்ஸ்அப் குழுவுக்குப் போட்டோ எடுப்பதும் அப்படியே. அதற்காக எதையும் கண்டுகொள்ளாமல் இருப்பதும் சரியல்ல. அடுத்தவர் வேலையைக் கலைக்கும் பிள்ளையிடம் ஆன்ட்டி (ஆசிரியை) உடனே போக வேண்டும், மெதுவாக வேறு வேலைக்கு அழைக்க வேண்டும்.

பசிக்கு வழி இருக்கிறது. ஓரமாக ஒரு சின்ன மேசை, இரண்டு நாற்காலி போதும். பசித்தவர் போய்ச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பலாம். இந்தி, கராத்தே, நடனம் எல்லாவற்றையும் வேலை நேரம் முடிந்த பிறகு வையுங்கள். பிள்ளையைச் சேர்க்கும் முன், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எத்தனை முறை மணி அடிப்பீர்கள் என்று பள்ளியிடம் கேளுங்கள்.