ஸ்கேல்: அளவுகோல் வேறு, அளவை வேறு

மதுரையில் வீட்டு பிளான் போடும் அலுவலகங்களில் ‘ஸ்கேல்’ மூன்று பொருளில் புழங்குகிறது. மேசைமேல் கிடக்கும் குச்சியும் ஸ்கேல்தான். ‘பிளான் என்ன ஸ்கேல்?’ என்றால் விகிதம். பிளான் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் ‘ஸ்கேல்’ என்று தட்டினால் உருவத்தையே பெருக்கவோ சுருக்கவோ செய்யும் கட்டளை. புதிதாகப் பழகுபவர் தடுமாறுவது இங்கேதான்.

லத்தீனில் ‘ஸ்காலா’ என்றால் ஏணி. அதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, படிபடியாகக் கோடு போட்ட குச்சிக்கும் விகிதத்துக்கும் பெயராயிற்று. தராசைக் குறிக்கும் ஸ்கேலுக்கு மூலமே வேறு. அது கிண்ணம் என்ற பொருளுள்ள பழைய நார்ஸ் சொல்.

தமிழில் குச்சிக்கு அளவுகோல். ஆசாரி கையில் முழக்கோல் உண்டு. நிலம் அளந்த கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் வெட்டிவைத்த வழக்கமும் உண்டு. கோல் என்றால் கையில் பிடிக்கிற பொருள். விகிதத்துக்கு அது சரிவராது. பள்ளிக் கணக்கில் வரைபடத்தாள் ஓரம் ‘அளவுத்திட்டம்’ என்று எழுதுகிறோம். புவியியல் பாடத்தில் அதுவே ‘அளவை’. கட்டட வரைபடத்துக்கு ‘அளவை 1:50’ என்பதே நல்லது. சின்னச் சொல், டைட்டில் பிளாக்கில் (தாள் ஓரத்தில் படத்தின் விவரம் எழுதும் கட்டம்) அடங்கும். சர்வேயையும் நில அளவை என்கிறோமே என்றால், விகித எண் கூடவே நிற்பதால் மயக்கம் வராது. ஆட்டோகேடின் ‘ஸ்கேல்’ கட்டளையை ‘உருவளவு மாற்று’ எனலாம்.

30க்கு 40 அடி மனையை எடுத்துக்கொள்வோம். மாடலில் (ஆட்டோகேடில் படம் வரையும் வெளி) எப்போதும் முழு அளவில், மில்லிமீட்டரில் வரைய வேண்டும்: 9,144க்கு 12,192. அளவை 1:50 என்றால் தாளில் 183க்கு 244 மி.மீ. ஏ3 தாள் 420க்கு 297. ஒரு தளம் தாராளமாக உட்காரும். இரண்டு தளங்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் 366 மி.மீ. போய்விடும், அளவுக்கோடுகளுக்கும் டைட்டில் பிளாக்குக்கும் இடம் பத்தாது. ஏ2 எடுக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கைப் போடாமல், அச்சிடும்போது ‘ஃபிட் டு பேப்பர்’ (தாளுக்குள் அடக்கு) கொடுத்தால் எந்த அளவுகோலுக்கும் பொருந்தாத ஒரு அளவை வரும். அதைவிட மோசம், உருவளவு மாற்றும் கட்டளையால் படத்தையே 50 மடங்கு சுருக்குவது: 12,192 என்ற அளவு 243.84 ஆகிவிடும்.

லேஅவுட்டில் (ஆட்டோகேடில் அச்சுத் தாளை அமைக்கும் பக்கம்) பேஜ் செட்டப்பைத் திறந்து தாளைத் தேர்ந்து, பிளாட் ஸ்கேல், அதாவது அச்சு அளவை, 1:1 வையுங்கள். வியூபோர்ட் (மாடலில் உள்ள படம் தாளில் தெரியும் சட்டம்) வரைந்து உள்ளே இரட்டைக் கிளிக், கீழ்ப் பட்டியலில் 1:50, உடனே பூட்டு. பூட்டாத வியூபோர்ட்டுக்குள் மவுஸ் சக்கரம் கொஞ்சம் உருண்டாலே அளவை போச்சு. அங்குலத்தில் வரைந்த படம் மில்லிமீட்டர் தாளுக்கு வந்தால், பட்டியலில் 1:50 கொடுத்ததும் பொட்டுபோலச் சுருங்கும். 25.4-ஐ 50-ஆல் வகுத்து, சூம் கட்டளையில் 0.508எக்ஸ்பி (xp, தாளை ஒப்பிட்ட மடங்கு) என்று கொடுக்க வேண்டும்.

(மதுரை ஒத்தக்கடைப் பக்கம் லேஅவுட் என்றால் மனைப்பிரிவு என்றுதான் அர்த்தம். மென்பொருளில் உள்ளதைத் ‘தாள் அமைவு’ என்றால் பேச்சு தெளிவாக இருக்கும்.)

பழைய பிளான்களில் ‘அடிக்கு அரைக்கால் (1/8) அங்குலம்’ என்ற கணக்கும் வரும். அது 1:96, 1:100 அல்ல. அதில் 10 அடிச் சுவர் 31.75 மி.மீ. இருக்கும். 1:100 அளவுகோலை வைத்துப் படித்தால் 3.175 மீட்டர், அதாவது 10 அடி 5 அங்குலம். கட்டும் இடத்தில் அந்த 5 அங்குலம் கதவு நிலையைத் தள்ளிவிடும்.

அளவையை எண்ணாக எழுதுவதோடு, இத்தனை மீட்டர் என்று குறித்த கோடாகக் கோட்டு அளவையும் ஒன்று போட்டுவிடுங்கள். 1:50 படத்தில் 5 மீட்டருக்கான கோடு 100 மி.மீ. இருக்கும். பிரிண்ட் வந்ததும் அதை அளந்து பாருங்கள். 96, 97 என்று வந்தால் பிடிஎஃப் அச்சில் ‘ஃபிட்’ இருந்திருக்கும். ‘ஆக்சுவல் சைஸ்’ மாற்றித் திரும்ப எடுங்கள். ஏ3 படத்தை ஜெராக்ஸ் கடையில் ஏ4 ஆக்கினால் கோடு 71 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். டைட்டில் பிளாக்கில் 1:50 என்றே நிற்கும். அந்தத் தாளில் கோட்டை மட்டும் நம்புங்கள்.