மார்ஃபின் எடுப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முன்

கடும் வலிக்கு மார்ஃபின் என்ற வலி மாத்திரை எடுப்பவரை, அதை எழுதித் தந்த இடத்தில் இல்லாமல், காய்ச்சலுக்கோ எலும்பு முறிவுக்கோ வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தால், “இதெல்லாம் இங்கே தர முடியாது, சட்டச் சிக்கல்” என்பார்கள். அதில் பாதிதான் உண்மை.

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தினார்கள். அதன்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் இருக்கும் ஆஸ்பத்திரி மார்ஃபினை இருப்பு வைக்கலாம். பல ஆஸ்பத்திரிகள் அதை வாங்குவதே இல்லை. ஆனால் மருத்துவர் சீட்டின் பேரில் உங்களுக்குக் கொடுத்த மாத்திரையை நீங்கள் கையில் வைத்திருப்பது குற்றமில்லை, விதியே அனுமதிக்கிறது. சீட்டு இல்லாமல் வெறும் மாத்திரை அட்டையோடு போனால்தான் வம்பு. அசலும் நகலும் கையில் இருக்கட்டும்.

அப்புறம் அலைச்சல். நர்ஸைக் கேட்டால் டியூட்டி டாக்டர், அவரைக் கேட்டால் காலை ரவுண்டில் பெரிய டாக்டர், அவர் வந்தால் “ஃபார்மசியில் கேளுங்க.” சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். ரவுண்டு வரும் வரை வலி காத்திருக்குமா? பல வாரம் எடுத்த உடம்பில் திடீரென நிறுத்தினால் வியர்க்கும், வயிறு போகும், கை கால் பதறும். அதைப் பார்த்து “அடிமையாகிவிட்டார்” என்று சொல்பவர்களும் உண்டு. அதற்கு ஒடுங்கிப்போக வேண்டாம். மருந்து எழுதிய வலி நிவாரணப் பிரிவுக்கு அங்கிருந்தே போன் போட்டு, வார்டு டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கடுப்பில்தான் வீட்டார் தலையணைக்கடியில் வைத்து ரகசியமாக மாத்திரை கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தெரியாமல் வார்டில் இன்னொரு வலி ஊசியோ தூக்க மருந்தோ போட்டால் மூச்சு மெதுவாகி உயிருக்கே ஆபத்தாகும். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கும் என்பதால் அளவையே மாற்ற வேண்டியிருக்கும்.

சேரும்போதே மாத்திரையின் மி.கி., வேளை, கடைசியாகப் போட்ட நேரம் மூன்றையும் சொல்லி, மருந்துச் சார்ட்டில் ஏறியதா என்று கண்ணால் பாருங்கள். வாயால் சொன்னது அடுத்த ஷிஃப்டுக்குப் போய்ச் சேராது. ஃபென்டனில் பட்டை (தோலில் ஒட்டும் வலி மருந்து) ஒட்டியிருந்தால் எந்த இடத்தில் என்று காட்டுங்கள். சட்டைக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்தால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். ஆபரேஷன் என்றால் மயக்க மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். “வெறும் வயிறு” என்றதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள்.

மாத்திரையை வார்டில் வாங்கி வைத்தால் எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் அன்று எண்ணித் திரும்பப் பெறுங்கள். சனிக்கிழமை மாலை அனுப்புகிறார்கள் என்றால் திங்கள் வரை கையிருப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். தெருமுனை மெடிக்கலில் மார்ஃபின் கிடைக்காது.