அக்கபார் தெ: ஸ்பானியர்களின் ‘இப்போதுதான்’

‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டால் ஸ்பெயினில் ஒருவர் ‘அக்காபோ தெ கொமேர்’ என்பார். ‘இப்போதுதான் சாப்பிட்டேன்’ என்று பொருள். இதில் ‘அக்காபோ’ என்பது, முடித்தலைக் குறிக்கும் ‘அக்கபார்’ என்ற வினையின் தன்மை வடிவம். ‘தெ’ ஒரு இணைப்புச் சொல். ‘கொமேர்’ என்றால் சாப்பிடுதல்.

‘அக்கபார்’ பிறந்தது ‘காபோ’ என்ற பெயர்ச்சொல்லிலிருந்து. காபோ என்றால் முனை, நுனி, கடைசி. தென்னமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஹார்ன் முனைக்கு ஸ்பானியப் பெயர் ‘காபோ தெ ஓர்னோஸ்’. அதற்கும் மூலம் தேடிப் போனால் இலத்தீனின் ‘காபுட்’, அதாவது தலை. தலை எப்படிக் கடைசி ஆனது என்று தமிழர்கள் திகைக்க வேண்டியதில்லை. சேலையின் கடைசிப் பகுதியைத் தலைப்பு என்றுதானே சொல்கிறோம்? சாதித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘அச்சீவ்’ கூட, பிரெஞ்சு வழியாக இதே இலத்தீன் தலையிலிருந்து வந்ததுதான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? வேரைப் பார்த்துவிட்டு ‘சாப்பிட்டு முடித்தேன்’ என்று எழுதத்தான் கை போகும். அது பொருந்தாது. இங்கே ‘அக்காபோ’ நிகழ்கால வடிவம். முடித்தல் என்ற பழைய பொருள் தேய்ந்து, செயல் நடந்து சற்று நேரமே ஆயிற்று என்ற குறிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இறந்தகாலத்தில் ‘அக்கபே தெ கொமேர்’ என்றால்தான் பெரும்பாலும் ‘சாப்பிட்டு முடித்தேன்’ ஆகும். ஸ்பானியம் ஒரு துணைவினையிடம் கொடுத்த வேலையைத் தமிழ் ‘தான்’ என்ற சின்ன இடைச்சொல்லிடம் கொடுத்திருக்கிறது. ஆகவே சரியான தமிழ், ‘இப்போதுதான்’ என்பதோடு இறந்தகால வினை. கடந்துபோன நேரத்தைப் பற்றிப் பேசும்போது ‘அக்கபாபா தெ யெகார்’ என்பார்கள். அது ‘அப்போதுதான் வந்திருந்தேன்’. இந்த வடிவம் ‘வந்திருந்தான்’, ‘வந்திருந்தாள்’ என்பவற்றுக்கும் பொதுவானது, யார் என்பதை இடம்பார்த்துக் கொள்ள வேண்டும்.

எதிர்மறையில் தொடரின் போக்கே மாறிவிடும். ‘நோ அக்காபோ தெ எந்தெந்தேர்’ என்பதை ‘நான் இப்போதுதான் புரிந்துகொள்ளவில்லை’ என்று பெயர்த்தால் அபத்தம். ‘எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை’ என்பதே அதன் பொருள். இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இதுதான். முடிவை எட்டாமல் நிற்கும் நிலையைச் சொல்வதால், தேய்ந்துபோன பழைய பொருள் இங்கே மறுபடி தலைகாட்டுகிறது.

அப்புறம், அர்ஜென்டினா, சிலி பக்கம் போனால் ‘ரெசியென்’ என்ற சொல்லும் காதில் விழும். ‘யெகார்’ என்ற அதே வினை புவெனஸ் அயர்ஸ் உச்சரிப்பில் ‘ஷ’ ஒலி பெறும்; அங்கே ‘ரெசியென் ஷெகே’ என்றால் ‘இப்போதுதான் வந்தேன்’. நம் தொடரமைப்புக்கு இது இன்னும் நெருக்கம்: ஒரு காலச்சொல், ஒரு இறந்தகால வினை, அவ்வளவே. ஸ்பெயினிலோ இந்தச் சொல் பெரும்பாலும் எச்ச வடிவங்களுக்கு முன்னால்தான் வரும். அங்கே ‘ரெசியென் காசாதோஸ்’ என்றால் புதுமணத் தம்பதி.