குகைக் கல்லை ஒடிக்காதீர்கள், அதில் மழைக்கணக்கு இருக்கிறது

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் போன மாதம் ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். பிரித்தால் உள்ளே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் ஒரு கல். ஒரு முனை வழவழவென்று மழுங்கியிருந்தது, மறுமுனை ஒடித்த கரும்பு மாதிரி.

"தம்பி, நீங்க குகைக் கல்லு ஆராய்ச்சிதானே பண்றீங்க? இது எத்தனை வருஷத்துக் கல்லுன்னு பார்த்துச் சொல்லுங்களேன். எங்க மச்சான் டூர் போனப்போ ஒடிச்சுக் கொண்டுவந்தது."

"எந்தக் குகை அண்ணே?"

"அது தெரியலையே. வடக்கே எங்கேயோ. மச்சானும் இப்ப இல்லை."

கையில் வாங்கியதும் எனக்கு மனசு கனத்துவிட்டது. நல்ல கல். குகைத் தரையில் நின்று வளர்ந்தது, பள்ளிப் பாடத்தில் கல்முளை என்று படித்திருப்பீர்கள். மேலிருந்து தொங்குவது கல்விழுது. என் வேலையே இந்தக் கல்முளைகளை அறுத்து, பழைய காலத்து மழையை அவற்றிலிருந்து படிப்பதுதான்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. கீழே இருக்கும் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டே குகையின் கூரைக்கு வந்து சேர்கிறது. குகைக் காற்றுக்கு வந்ததும் அந்த வாயு வெளியேறிவிடும், கரைந்திருந்த சுண்ணாம்பு படிந்துவிடும். போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, ஏறக்குறைய அதே பொருள்தான். சொட்டு விழ விழ, அந்தப் படிவு அடுக்கடுக்காக எழும்புகிறது.

எவ்வளவு மெதுவாக என்று கேட்டால், சீனாவின் கன்சு மாகாணத்தில் உள்ள வான்சியாங் குகைக் கல் ஒன்றைச் சொல்வேன். அதன் நீளம் 118 மில்லிமீட்டர், அரைச் சாண். அதற்குள் கி.பி. 190 முதல் 2003 வரையிலான சுமார் 1,810 ஆண்டு மழை அடங்கியிருந்தது. ஒரு மில்லிமீட்டர் வளர ஏறக்குறைய 15 ஆண்டு. தாங், யுவான், மிங் ஆகிய அரச வம்சங்களின் கடைசிப் பத்தாண்டுகளில் பருவமழை பலவீனமாக இருந்தது என்று அந்தக் கல்லை வைத்து 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அரைச் சாண் கல்லிலேயே அவ்வளவு இருந்ததென்றால், அண்ணன் கொண்டுவந்த துண்டில் எத்தனை தலைமுறை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படிப்பது இப்படித்தான். கல்லை நீளவாக்கில் வைர ரம்பத்தால் இரண்டாகப் பிளந்து, முகத்தை மெருகேற்றுவோம். மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும், அதுவரை சாம்பலாகத் தெரிந்த கல்லில் தேன் நிறத்திலும் பால் நிறத்திலும் வரிகள் எழுந்து வரும். இத்தனை வருடத்திற்குப் பிறகும் அந்த நிமிடத்தில் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். பிறகு மயிரிழை போன்ற துளையூசியால் நடு அச்சில் புள்ளி புள்ளியாகத் துளைத்துத் தூள் எடுப்போம். ஒரு புள்ளிக்கு ஒரு சிட்டிகை உப்பைவிட எவ்வளவோ குறைவான தூள். அதில் பாஸ்பாரிக் அமிலம் பட்டதும் வாயு வெளிவரும். அந்த வாயுவை, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறைமாலைமானி என்ற கருவிக்குள் விட்டு ஆக்சிஜனை அளப்போம்.

ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவை எடை 16. ஏறக்குறைய 500இல் ஒன்று மட்டும் 18. மேகம் மழையாகக் கொட்டும்போது கனமான 18 முந்திக்கொண்டு இறங்கும். பருவமழை வலுத்துக் கொட்டிக்கொண்டே வந்தால், மிச்சமுள்ள ஈரத்தில் 18 குறைந்துகொண்டே போகும். அந்தக் குறைவு மழைநீரில் வந்து, சொட்டில் வந்து, கல்லின் வரியில் உட்கார்ந்துவிடும். ஆனால் ஒன்று: 'இந்த ஆண்டு இத்தனை மில்லிமீட்டர் மழை' என்று கல் சொல்லாது. ஈரம் எந்தக் கடலிலிருந்து வந்தது, எவ்வளவு தூரம் பயணித்தது என்பதும் அந்த எண்ணில் கலந்திருக்கும். அதனால்தான் நாங்கள் குகைக்குத் திரும்பத் திரும்பப் போகிறோம். சொட்டுக்கு அடியில் கண்ணாடித் தட்டு வைத்து, இன்றைய மழை இன்றைய படிவில் எப்படிப் பதிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பழைய வரிகளுக்குப் போவோம்.

வயதுக் கணக்கு யுரேனியத்திலிருந்து வருகிறது. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. அதனால் புதிதாகப் படியும் அடுக்கில் யுரேனியம் மட்டுமே இருக்கும். அது சிதைந்து தோரியமாக மாறுவதை அளந்தால் வயது தெரியும். சுமார் 6 லட்சம் ஆண்டு வரை இந்த முறை எட்டும். சேறு கலந்த கல்லில் வெளித்தோரியம் புகுந்து கணக்கைக் கெடுக்கும், அது எங்கள் தீராத தலைவலி.

சரி, பழைய மழை நமக்கு எதற்கு? இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியது 1875இல். அடுத்த வருடமே தாது வருடப் பஞ்சம். நம் வீட்டுக் கிழவிகளின் பேச்சில் கொடுமைக்கு அளவுகோலாக நின்றது அந்தப் பஞ்சம்தான். நாடு முழுமைக்குமான மழைமானிப் பதிவு அதற்குச் சற்று முன்புதான் தொடங்குகிறது, ஆக நம் கையில் இருப்பது 150 ஆண்டுக் கணக்கு. அணைக்கும் பாசனத்துக்கும் அதை வைத்துத்தான் திட்டம் போடுகிறோம். குகைகளோ அதைவிட மோசமான காலங்களைக் காட்டுகின்றன. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் உள்ள தண்டக் குகைக் கல், 14ஆம் நூற்றாண்டில் பருவமழை மீண்டும் மீண்டும் பலவீனமானதைக் காட்டியது. தக்காணத்தைச் சூறையாடிய துர்காதேவிப் பஞ்சம் அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் தொடங்கியது. உத்தராகண்டின் தரம்ஜாலி குகைக் கல்லில், 4,200 முதல் 3,970 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில் மூன்று நீண்ட வறட்சிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் 25 முதல் 90 ஆண்டு! ஒருவர் பிறந்து பேரன் எடுக்கும்வரை வானம் சரியாகப் பெய்யவில்லை. சிந்துவெளி நகரங்கள் தேய்ந்த காலம் அது. வறட்சி மட்டுமே காரணம் என்று தலைப்புப் போடுவதை நான் ஏற்கமாட்டேன், ஆனால் அதை ஒதுக்கிவிட்டு அந்தக் கதையைச் சொல்லவும் முடியாது.

இந்தக் குகைகள் பேசுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை. குடகில் பெய்து காவிரியாக வரும் மழையின் கதையோடு அதற்கு உறவு உண்டு. நம் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

சிரபுஞ்சிக்கு அருகே மாவ்ம்லூ என்றொரு குகை. அங்கிருந்து எடுத்த ஒரு கல்முளையில் வறட்சியைக் காட்டிய வேதியியல் மாற்றத்தை எல்லைக்குறியாக வைத்து, 2018இல் புவியியல் காலக்கணக்கில் 'மேகாலயன்' என்ற பிரிவை உலகமே ஏற்றுக்கொண்டது. கி.பி. 2000க்கு 4,250 ஆண்டு முன்பு தொடங்கிய அந்தப் பிரிவில்தான் நாம் இன்று வாழ்கிறோம். அதே குகையின் வேறு கல்லைப் படித்தவர்களுக்கு அந்த வறட்சியின் காலமும் வடிவமும் அப்படியே ஒத்துவரவில்லை. விவாதம் நடக்கிறது, நடக்கட்டும். அதைத் தீர்க்க இன்னும் கற்கள் வேண்டும், குகைக்குள் அவை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

அப்படி இருக்க விடுகிறோமா? மேகாலயாவில் குகைகள் இருக்கும் அதே சுண்ணாம்புப் பாறையைத்தான் சிமென்டுக்கு வெட்டுகிறார்கள். சுற்றுலாக் குகைகளில் வண்ண விளக்கு போட்ட இடமெல்லாம் பாசி பச்சையாகப் படர்கிறது. வளரும் கல்லைத் தொட்டால் கையின் எண்ணெய்ப்பசை ஒட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் அடுத்த அடுக்கு சரியாகப் பிடிக்காது. ஆயிரம் பேர் தடவிய கல்முளைகள் கோயில் தூண் மாதிரிக் கறுத்து மின்னுவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அது அழகு, எனக்கு அது நின்றுபோன கணக்கு.

குகைக்குப் போனால் பாதையை விட்டு இறங்காதீர்கள். ஈரமாக மின்னும் எதையும் தொடாதீர்கள், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உடைந்து கிடக்கும் துண்டாக இருந்தாலும் எடுக்க வேண்டாம், கிடந்த இடமும் ஒரு தகவல். வெளியே யாராவது 'அதிர்ஷ்டக் கல்' என்று விற்றால் வாங்காதீர்கள், வாங்க ஆள் இருப்பதால்தான் ஒடிக்கிறார்கள். எங்கள் துறைக்கும் சொல்கிறேன்: ஏற்கெனவே விழுந்து கிடப்பதை முதலில் எடுப்போம், அனுமதியோடு எடுத்த கல்லில் ஒரு பாதியை அடுத்த தலைமுறையின் கருவிக்காக மிச்சம் வைப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேவைக்கு மேல் ஒரு கல்லை எடுத்துவந்தேன். அது இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அந்த உறுத்தல் போகவில்லை.

அண்ணனிடம் உள்ளதைச் சொன்னேன். ஆய்வகத்தில் கொடுத்தால் வயது தெரிந்துவிடும். ஆனால் எந்தக் குகை, எந்தச் சொட்டு என்று தெரியாதவரை அந்த எண்ணை வைத்து எந்த மழையையும் படிக்க முடியாது. அவர் கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நீங்களே வெச்சுக்குங்க தம்பி" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அதை நீளவாக்கில் அறுத்து வைத்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் வரும்போது தண்ணீர் தொட்டுத் தடவிக் காட்டுகிறேன். வரிகள் அவ்வளவு தெளிவு. போன வாரம் முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமி விரலால் ஒரு வரியைக் காட்டி, "சார், இது எந்த ஊர் மழை?" என்று கேட்டாள்.