ஃபாதரில் இருப்பது பிதாவின் ‘த’ அல்ல

சமஸ்கிருதப் பிதாவின் ‘தா’வையும் ஆங்கில ஃபாதரின் ‘த’வையும் வட்டமிட்டு, ‘ஆங்கிலம் எங்கிருந்து வந்தது, தெரிகிறதா?’ என்று கேட்கும் படம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. இரண்டு சொல்லுக்கும் உறவு உண்டு, யார் மறுத்தார்கள்? ஆனால் இந்தோ-ஐரோப்பியம் எனப்படும் ஒரே மூலமொழியின் பிள்ளைகள் அவை. ஒன்று மற்றதைப் பெறவில்லை. அதைவிட எரிச்சலூட்டுவது அந்த வட்டம்.

பழைய ஆங்கிலத்தில் அப்பா ‘ஃபேடர்’, அம்மா ‘மோடோர்’. இரண்டிலும் ட. சகோதரன் மட்டும் ‘ப்ரோதோர்’. ‘அர்’ ஒலிக்கு முன்னால் நின்ற ட பல சொற்களில் த-வாக இளகியது 1500ஐ ஒட்டித்தான். வானிலையைக் குறித்த ‘வெடர்’ ‘வெதர்’ ஆனதும் அப்படியே. ஆக, வட்டத்துக்குள் இருக்கும் ‘த’வுக்கு வயது சுமார் 500.

மூலமொழியில் மூன்று சொல்லுக்கும் நடுவே ஒரே வல்லின ஒலிதான். மூலமொழியின் வல்லின ஒலிகள் ஒழுங்காக மாறும் என்று 1822இல் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் வகுத்த விதிப்படி, ஆங்கிலம், ஜெர்மன் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் மூன்றும் ஒரேமாதிரி மாறியிருக்க வேண்டும். ஏன் பிரிந்தன? டென்மார்க் மொழியியலாளர் கார்ல் வெர்னர் 1877இல் வெளியிட்ட விடை வேத உச்சரிப்பில் இருந்தது. பிதா, மாதா இரண்டிலும் உதாத்த சுரம், அதாவது குரல் உயரும் இடம், கடைசி அசையில். சகோதரனைக் குறிக்கும் ப்ராதாவில் முதல் அசையில். முந்தைய அசையில் சுரம் விழாத இடத்தில் ஒலி மெலிந்தது. ஜெர்மனில் இன்றும் காதால் கேட்கலாம்: ஃபாட்டர், முட்டர்; ஆனால் ப்ரூடர்.

எனவே இன்றைய எழுத்துக்கூட்டலை வைத்து ஒப்பிடாதீர்கள். கோத்திக், பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழி), பழைய ஆங்கிலம் என்று ஜெர்மானியக் குடும்பத்தில் கிடைக்கிற மிகப் பழைய வடிவத்தை எடுங்கள். சொல் இரவலா என்றும் பாருங்கள். ‘அங்கிள்’ பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்குமுன் தாய்மாமன் ‘ஏஆம்’, அப்பாவின் சகோதரன் ‘ஃபேடெரா’ என்று நம்மைப்போலத் தனித்தனியாகத்தான் அழைத்தார்கள். ‘ஹஸ்பண்ட்’ நார்ஸ்காரர்களின் ‘ஹூஸ்போண்டி’, நேர்ப்பொருள், வீட்டுக்காரர்! பொருத்தம் அழகுதான், ஆனால் உறவு கிடையாது.

மழலைச் சொற்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். 4ஆம் நூற்றாண்டுக் கோத்திக் பைபிளில் அப்பாவுக்கு வழக்கமான சொல் ‘அட்டா’. ‘ஃபாடர்’ வருவது ஒரே ஓரிடத்தில். குழந்தை வாயில் எளிதாக வரும் இத்தகைய ஒலிகள் தொடர்பில்லாத மொழிகளிலும் அப்பா அம்மாவைக் குறிக்கும். நம்மூர் ‘அத்தா’வை அதோடு சேர்த்து, தயவுசெய்து, இன்னொரு படம் போட்டுவிடாதீர்கள்.