'மாய சர்வர்' தப்பு, மெய்நிகர் சர்வர்தான் சரி

வர்ச்சுவல் மிஷினை, அதாவது ஒரு நிஜ கம்ப்யூட்டருக்குள்ள மென்பொருளால ஓடற இன்னொரு கம்ப்யூட்டரை, 'மாய இயந்திரம்'னும் பிசிக்கல் சர்வரை 'இயற்பியல் சேவையகம்'னும் எழுதறத இன்னும் எத்தனை இடத்துல பார்க்கறதுன்னு தெரியல. லினக்ஸ் பாடம், கிளவுட் பாடம், வேலைக்கான கேள்வி பதில்னு எதைத் திறந்தாலும் இந்த ரெண்டும் ஜோடியா நிக்குது. ரெண்டுமே தப்பு. அதுவும் படிக்கிறவனைத் தப்பான பக்கம் திருப்பிவிடற தப்பு.

வர்ச்சுவல்ங்கிற சொல்லோட வேர் லத்தீன்ல 'விர்டுஸ்', வலிமை, ஆற்றல்னு பொருள். அதுலேர்ந்து 'வடிவத்துல அது இல்ல, ஆனா ஆற்றல்லயும் விளைவுலயும் அதேதான்'ங்கிற அர்த்தம் வந்துச்சு. கம்ப்யூட்டர்காரங்க எடுத்துக்கிட்டதும் இதைத்தான். 1960கள்ல ஐபிஎம் சிபி-40, சிபி-67னு மென்பொருள்கள் செஞ்சாங்க, மெயின்பிரேம்ங்கிற ஒரே பெரிய கம்ப்யூட்டர்ல உட்கார்ந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு முழு சிஸ்டம்/360 கம்ப்யூட்டர் தனக்கே தனக்குன்னு கிடைச்ச மாதிரி இருக்கும். அதோட தொடர்ச்சியா 1972ல விஎம்/370 வந்துச்சு. 1974ல போப்பெக், கோல்ட்பெர்க்னு ரெண்டு கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் எழுதின கட்டுரைல வர்ச்சுவல் மிஷின்னா நிஜ இயந்திரத்தோட திறமையான, தனிச்சு நிக்கிற நகல்னு வரையறை சொன்னாங்க. நகல்னுதான் சொன்னாங்க, மாயைன்னு சொல்லல.

அப்ப இந்த 'மாய' எங்கேர்ந்து வந்துச்சுன்னா நம்ம பள்ளிக்கூட ஒளியியல் பாடத்துலேர்ந்துன்னுதான் நினைக்கிறேன். கண்ணாடில தெரியறது மாய பிம்பம், திரைல விழறது மெய் பிம்பம்னு படிச்சிருப்போம். அங்க அது பொருத்தம், ஏன்னா ஒளிக்கதிருங்க அந்த இடத்துல உண்மையா சந்திக்கறதே இல்ல, சந்திக்கற மாதிரி கண்ணுக்குத் தோணுது, அவ்வளவுதான். அதே சொல்லை சர்வருக்குத் தூக்கிட்டு வந்தா என்ன ஆகும்? மெய்நிகர் சர்வர் நிஜ மெமரியைத் தின்னுது, நிஜ பிராசசர்ல ஓடுது, நிஜ டிஸ்க்ல எழுதுது, பேட்ச் போடலைன்னா நிஜமாவே ஹேக் ஆகுது, மாசம் பிறந்தா நிஜ பில்லும் வருது. இதுல மாயம் எங்க இருக்கு? மாயம்னு சொன்னதுமே 'உண்மைல இல்லாதது'ன்னு மனசுல பதிஞ்சிடும், அப்புறம் அதுக்கு பேக்கப் எதுக்குன்னு புதுசா வர்றவங்க கேட்டா அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

மெய்நிகர்ங்கிறது அழகான சொல். நன்னூல் சொல்ற உவம உருபு வரிசைல 'நேர நிகர'ன்னு வருதே, அதே நிகர். மெய்க்கு ஈடானது, ஆனா மெய் இல்ல. லத்தீன்காரன் சொன்னதும் இதேதான். இன்னொண்ணு பாருங்க, தமிழ்ல மெய்னா உண்மை மட்டுமில்ல, உடம்பும்தான். அதனால பிசிக்கல் சர்வருக்கு வேற எங்கயும் தேட வேண்டாம், 'மெய் சர்வர்'. உடம்புள்ள சர்வர். 'இயற்பியல் சேவையகம்'னா இயற்பியல் துறைக்காரங்க வச்சிருக்கற சர்வர்னுதான் அர்த்தம் வரும், பிசிக்கல்னு பார்த்ததும் அகராதில முதல் வரியை எடுத்து ஒட்டறவங்க அந்த வரியை ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பார்க்கணும்.

'மெய்நிகர்' சரின்னு சர்வரே சாட்சி சொல்லும். உள்ள லாகின் பண்ணி உட்கார்ந்தா இது மெய்யா மெய்நிகரான்னு பார்வைக்குத் தெரியவே தெரியாது, கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும், நிகர்னா அதுதானே. லினக்ஸ்ல சிஸ்டம்டி-டிடெக்ட்-வர்ட்னு ஒரு கட்டளை, மெய் சர்வர்னா 'நன்' (none), அதாவது எதுவும் இல்லன்னு சொல்லும், மெய்நிகர்னா கேவிஎம், விஎம்வேர், மைக்ரோசாஃப்ட்னு எந்த மெய்நிகராக்க மென்பொருளுக்குள்ள ஓடுதோ அதைச் சொல்லும். வன்பொருள் விவரம் காட்டற டிஎம்ஐடிகோட் கட்டளையைப் போட்டா சிஸ்டத்தோட பேரு வரும், பவர்எட்ஜ், புரோலயன்ட்னு சர்வர் மாடல் பேரு வந்தா மெய் சர்வர், விர்ச்சுவல்பாக்ஸ்னு வந்தா மெய்நிகர். நெட்வொர்க் கார்டோட அடையாள எண்ணான மேக் அட்ரஸ் 00:50:56ல ஆரம்பிச்சா விஎம்வேர், 08:00:27ன்னா விர்ச்சுவல்பாக்ஸ், 52:54:00ன்னா பெரும்பாலும் கியூஈஎம்யூ, ஆனா மேக் அட்ரஸை யார் வேணா மாத்தலாம், அதை மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க.

பிராசசர் விவரம் காட்டற எல்எஸ்சிபியூ கட்டளைலதான் நிறைய பேர் ஏமாந்து விழறாங்க. அதுல 'வர்ச்சுவலைசேஷன்: விடி-எக்ஸ்'னு ஒரு வரி வரும், உடனே இது வர்ச்சுவல் சர்வர்னு முடிவு பண்ணிடறாங்க. அது இல்ல. இந்த பிராசசரால மெய்நிகர் இயந்திரங்களை நடத்த முடியும்ங்கிறதுதான் அந்த வரி, மெய் சர்வர்லயும் அது வரும். ஹைப்பர்வைசர்னா மெய்நிகர் இயந்திரங்களை நடத்தற மென்பொருள், 'ஹைப்பர்வைசர் வெண்டார்'னு தனி வரி வந்தா அதைப் பாருங்க, அதுதான் மெய்நிகர்ங்கறதுக்கு அடையாளம். இங்க 'மெய்நிகராக்கம்'னு தமிழ்ல சொல்லியிருந்தா குழப்பமே இல்ல, ஆக்கற திறன்னு சொல்லுலயே இருக்கு. 'மாயமாக்கல்'னு எழுதினா? காணாமப் போக்கறதுன்னு ஆயிடும். அப்படியும் எழுதறாங்க.

எல்லா வர்ச்சுவலும் மெய்நிகர்தான்னும் சொல்ல வரல. 2001ல தமிழ் வர்ச்சுவல் யுனிவர்சிட்டி வந்தப்ப தமிழ் இணையப் பல்கலைக்கழகம்னுதான் பேர் வச்சாங்க, இன்னிக்கும் அது தமிழ் இணையக் கல்விக்கழகம். அது சரியான மொழிபெயர்ப்பு, ஏன்னா அங்க வர்ச்சுவல்னா இணையம் வழியா நடக்கறதுன்னு பொருள். அதையே சர்வர்ல போட்டு 'இணைய சர்வர்'னு எழுதினா அது வெப் சர்வர் ஆயிடும். இங்க இந்தச் சொல் என்ன வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் யோசிக்கறதுதான் மொழிபெயர்க்கறவங்களோட முதல் வேலை, அதைத்தான் யாரும் செய்யறதில்ல, ஒரு பட்டியலை வச்சுக்கிட்டு தேடி மாத்திட்டுப் போயிடறாங்க.

இப்ப 'பேர் மெட்டல்' வந்திருக்கு, அதை 'வெற்று உலோகம்'னு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. உலோகம் இங்க பேச்சே இல்ல, நடுவுல ஹைப்பர்வைசர் இல்லாம முழு மெய் சர்வரையும் வாடகைக்குக் குடுக்கறாங்க, அவ்வளவுதான். அமேசான் கிளவுட்ல இந்த மாதிரி எடுத்தீங்கன்னா டிஎம்ஐடிகோட்ல தயாரிப்பாளர் பேரு 'அமேசான் ஈசி2'ன்னுதான் வரும், அதைப் பார்த்து மெய்நிகர்னு நினைச்சுடாதீங்க, கூடவே 'எம்5.மெட்டல்'ங்கிற மாதிரி மெட்டல்னு முடியற பேரு இருந்தா அது மெய் சர்வர்.